ஈரலில் கொழுப்பு: குடியாதவருக்கும் மெலிந்தவருக்கும் ஏன் வருகிறது?



இவ்விதழின் உடல்நலப் பாடத்தில் ஈரலில் கொழுப்புப் படியும் நோயைப் பற்றிச் சிந்திப்போம். வீட்டிலே ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம். கிராமக் குழுக்கள் இதனை இரண்டு கூட்டங்களில் பிரித்துப் படிக்கலாம்.

சில காலத்துக்கு முன் கிளிநொச்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்து போன பின்பும் ஒரு கமக்காரர் மட்டும் போகாமல் நின்றார். ஐம்பது வயது மதிக்கலாம். ஒல்லியான கைகால்கள், வயிறு மட்டும் சற்று முன்தள்ளியிருந்தது. கையில் ஒரு ஸ்கான் துண்டு.

"சுவாமி, ஈரலில் கொழுப்பு எண்டு எழுதியிருக்காம். நான் சீவியத்திலை ஒரு சொட்டும் குடிச்சதில்லை. இப்ப சொந்தக்காரர் ஒளிச்சுக் குடிக்கிறன் எண்டு கதைக்கினம். மகளுக்கும் கலியாணம் பேசுற நேரம்" என்றார்.

அவருடைய நோயிலும் அந்தக் கதையே அவரை அதிகமாக வாட்டியது. அவரைப் போன்றவர்கள் நம் கிராமங்களில் வேறும் இருப்பார்கள். ஆகவே இந்த நோய் எப்படி வருகிறது என்பதை நாம் எல்லோரும் அறிந்துகொள்வது, உடலுக்கு மட்டுமன்றி அயலவருக்குச் செய்யும் நீதிக்கும் அவசியமாகும்.

1. நிலைமையைப் பார்ப்போம்

மதுபானம் ஈரலைக் கெடுக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த உண்மை. ஆனால் மதுவைத் தொடாதவர்களின் ஈரலிலும் குடியினால் கெட்ட ஈரலிற் காணும் அதே மாற்றங்கள் இருப்பதை 1980ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த லட்விக் என்னும் மருத்துவரும் அவரது குழுவினரும் எடுத்துக் காட்டினார்கள். அதன்பின் இது "மதுசாராக் கொழுப்பு ஈரல்" எனப் பல ஆண்டுகள் அழைக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டில் உலக ஈரல் மருத்துவர்கள் கூடி, உடலின் உணவுச் செயற்பாடு குழம்புவதே இதன் வேர் என்பதைக் காட்டும் வகையில் பெயரை மாற்றினார்கள். பழைய பெயர் நோயாளியைக் குடியுடன் சேர்த்துப் பேசியதும் மாற்றத்துக்கு ஒரு காரணமாக இருந்தது.

எமது நாட்டு நிலைமை என்ன? களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தினர் 2007இல் றாகமைப் பகுதியில் 35 முதல் 64 வயது வரையான ஏறக்குறைய 3000 பேரைச் சோதித்தார்கள். மதுவினால் வராத கொழுப்பு ஈரல் மூவரில் ஒருவருக்கு இருந்தது. அது பட்டணத்துக் கதை என்று நாம் தள்ளிவிட முடியாது. உடலுழைப்பும் குறைந்த வருமானமும் உள்ள நாட்டுப்புற மக்களிடையே செய்யப்பட்டு 2011இல் வெளியான இன்னோர் ஆய்விலும் 18 வீதமானோருக்கு, அதாவது ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு, அது காணப்பட்டது. "பாடுபடுகிறவனுக்கு இந்த வருத்தம் வராது" என்ற நம்பிக்கை சரியல்ல.

2. எப்படி வருகிறது என்பதை விளங்கிக்கொள்வோம்

குளமும் வயலும் குளத்தடிக் குடிமனையும்

நாம் உண்ணும் சோறு, பிட்டு, பாண், சீனி எல்லாம் குளுக்கோசாக மாறி இரத்தத்தில் சேர்கின்றன. உடலை ஒரு குளத்து நீர்ப்பாசனமாக எண்ணிப் பாருங்கள். சத்துத்தான் தண்ணீர். உடலின் கொழுப்பிழையம் குளம். தசைகள் வயல். ஈரல், குளத்துக்குக் கீழே பள்ளத்தில் இருக்கும் குடிமனை.

தண்ணீர் பங்கிடுபவர் யார்? வயிற்றின் பின்னால் இருக்கும் சதையி என்ற உறுப்புச் சுரக்கும் இன்சுலின் என்னும் ஓமோன். ஓமோன் என்றால், ஓர் உறுப்பிலிருந்து இரத்தத்தின் வழியே மற்றோர் உறுப்புக்குப் போகும் செய்தி. இன்சுலினுக்கு இங்கே இரண்டு வேலைகள் உண்டு. சாப்பாடு வந்ததும் வயல் வாய்க்காலைத் திறந்து குளுக்கோசைத் தசைகளுக்குள் விடுகிறது. அதே நேரத்தில் குளத்துத் துருசை மூடி, சேமித்த கொழுப்பு வெளியே வராமல் தடுக்கிறது.

இன்சுலினின் சொல்லை உறுப்புகள் கேளாமல் விடும் நிலை ஒன்று உண்டு. இதனை "இன்சுலின் எதிர்ப்பு" என்பார்கள். அப்போது வயல் வாய்க்கால் சரியாகத் திறவாது. ஆகவே இரத்தத்தில் சீனி ஏறுகிறது. துருசும் சரியாக மூடாது. ஆகவே கொழுப்பு ஓயாமல் கசிந்து ஈரலை நோக்கி ஓடுகிறது. தன் சொல் எடுபடாததால் சதையி இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கிறது. அந்த மிகையான இன்சுலினோ, வந்து சேரும் சீனியை ஈரலுக்குள்ளேயே கொழுப்பாக மாற்றும் வேலையைத் தூண்டிவிடுகிறது. இப்படி ஈரல் இரண்டு பக்கத்தாலும் நிரம்புகிறது.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வின்படி, இந்நோயாளிகளின் ஈரலிற் சேர்ந்த கொழுப்பில் 59 வீதம் அவர்களுடைய உடற்கொழுப்பிலிருந்து கசிந்து வந்தது. 26 வீதம் முக்கியமாகச் சீனியிலும் மாப்பொருளிலும் இருந்து ஈரலே செய்துகொண்டது. நேராக உணவுக் கொழுப்பிலிருந்து வந்தது 15 வீதம் மட்டுமே. தேங்காய்ப்பாலை மட்டும் நிறுத்திவிட்டு, தேநீருக்கு மூன்று கரண்டி சீனி போடுகிறவர் தன் ஈரலுக்கு அதிகம் உதவவில்லை என்பது இதிலிருந்து விளங்கும்.

கொழுப்பு வெறும் மூட்டையல்ல

உடற்கொழுப்பைச் சும்மா கிடக்கும் நெல்மூட்டை போலவே நீண்டகாலம் மருத்துவர்கள் எண்ணியிருந்தார்கள். 1994இல் நியூயோர்க்கில் ரொக்கபெல்லர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெப்றி பிறீட்மனும் அவருடைய குழுவினரும், தின்றுகொண்டே இருந்து கொழுத்துப்போகும் ஓர் எலி வகையை ஆராய்ந்து அந்த எண்ணத்தை மாற்றினார்கள். கொழுப்புக் கலங்கள் ஓர் ஓமோனைச் சுரக்கின்றன, அந்த எலிகளில் அது இல்லை என்று கண்டார்கள். அதற்கு லெப்ரின் என்று பெயரிட்டார்கள். "கையிருப்புப் போதும், இனிச் சாப்பாட்டை நிறுத்தலாம்" என்று மூளைக்குச் சொல்லும் செய்தி அது. மனிதர் பெரும்பாலோரிடம் லெப்ரின் குறைவதில்லை. கொழுப்புக் கூடக்கூட லெப்ரினும் கூடுகிறது. ஆனால் ஓயாமல் ஒலிக்கும் மணியை அயலார் பிறகு கவனியாது விடுவது போல, மூளை அதைக் கவனியாது விடுகிறது. பசி அடங்குவதில்லை.

இரண்டாவது ஓமோன் அடிப்போனெக்ரின். 1995இலும் 1996இலும் அமெரிக்காவிலும் ஜப்பானின் ஒசாக்காவிலும் இருந்த ஆய்வாளர்கள் தனித்தனியே இதைக் கண்டறிந்தார்கள். இது நமக்கு நன்மை செய்வது. ஈரலையும் தசையையும் இன்சுலினின் சொல் கேட்கச் செய்கிறது. ஈரலில் உள்ள கொழுப்பை எரிக்கத் தூண்டுகிறது, வீக்கத்தைத் தணிக்கிறது. ஆனால் வயிற்றுக்குள்ளே, குடலைச் சுற்றிக் கொழுப்புச் சேரச்சேர இந்த நல்ல ஓமோன் குறைந்துபோகிறது. நிரம்பி வழியும் கொழுப்புக் கலங்கள் அதற்குப் பதிலாக, வீக்கத்தை உண்டாக்கும் பொருட்களை வெளிவிடுகின்றன. குடலைச் சுற்றிய கொழுப்பிலிருந்து புறப்படும் இரத்தம் நேரே ஈரலுக்குப் போவதால் முதலில் தாக்கப்படுவதும் ஈரலேயாகும்.

2018 மார்கழி வெள்ளத்தை நாம் மறக்கவில்லை. இரணைமடு நிரம்பி வான்கதவுகள் திறக்கப்பட்டபோது தாழ்ந்த இடங்களில் இருந்த குடிமனைகளே மூழ்கின. குளம் கொள்ளும் அளவு தாண்டினால் தண்ணீர் பள்ளத்தைத் தேடிப் போகும். கொழுப்பும் அப்படியே.

மெலிந்தவருக்கு ஏன்?

எல்லாக் குளமும் ஒரே கொள்ளளவு உடையதல்ல. தோலுக்கடியில் கொழுப்பைப் பத்திரமாகச் சேமிக்கும் இடம் தென்னாசிய மக்களுக்குப் பொதுவாகக் குறைவு. நமது குளம் சிறியது, சீக்கிரம் வான் பாயும். ஒரே எடையுள்ள ஐரோப்பியருடன் ஒப்பிடும்போது நம்மவர் இரத்தத்தில் அடிப்போனெக்ரினும் குறைவாகவே காணப்படுகிறது.

இதை விளக்க இந்தியாவின் பூனே நகர மருத்துவர் யஜ்னிக்கும் இங்கிலாந்து மருத்துவர் யட்கினும் 2004இல் தங்களையே உதாரணமாக வைத்து ஒரு படத்தை வெளியிட்டார்கள். உயரத்துக்கு ஏற்ற எடை இருவருக்கும் ஒன்றே. இருவரும் பார்வைக்கு மெலிந்தவர்களே. ஆனால் உடற்கொழுப்பை அளந்தபோது ஆங்கிலேயருக்கு 9.1 வீதமும் இந்தியருக்கு 21.2 வீதமும் இருந்தது. தராசு ஒன்றைச் சொல்ல உடம்பு வேறொன்றைச் சொன்னது. எங்கள் கமக்காரரின் ஒல்லியான கைகளையும் முன்தள்ளிய வயிற்றையும் நினைத்துப் பாருங்கள்.

பட்டினியின் பின்விளைவு

இது நம்மை நேராகத் தொடும் விடயம். இரண்டாம் உலகப் போரின் முடிவில், 1944-45 குளிர்காலத்தில், ஜெர்மன் படை உணவுப் போக்குவரத்தைத் தடுத்ததால் ஒல்லாந்தின் மேற்குப் பகுதி பட்டினியால் வாடியது. அந்தப் பட்டினியின்போது தாயின் வயிற்றில் இருந்த பிள்ளைகளை ஏறக்குறைய ஐம்பது வயதில் சோதித்தபோது, மற்றவர்களிலும் பார்க்க அவர்களுடைய உடல் சீனியைக் கையாள முடியாமல் இருப்பது 1998இல் தெரியவந்தது. வயிற்றிலிருந்த காலத்தில் "வெளியே பஞ்சம்" என்று அறிந்த உடல், கிடைப்பதை எல்லாம் சேமித்து வைக்கும்படி தன்னை அமைத்துக்கொள்கிறது. பிறகு உணவு தாராளமாகக் கிடைக்கும் காலத்தில் அந்த அமைப்பே பாரமாகிறது.

1990களில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த வன்னியில், 1995இலும் 1996இலும் இடம்பெயர்ந்து மர நிழல்களில் குடியிருந்த தாய்மாருக்குப் பிறந்த பிள்ளைகள் இன்று முப்பது வயதை ஒட்டியவர்கள். 2009இல் கையிற் குழந்தையோடும் வயிற்றிற் பிள்ளையோடும் செட்டிகுளத்து முகாம்களுக்கு வந்து சேர்ந்த தாய்மார் எத்தனை பேர்! அந்தப் பிள்ளைகள் இன்று பெரிய வகுப்பில் படிக்கிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் இந்நோய் வரும் என்று நான் சொல்லவில்லை. இவர்களுக்குக் கூடிய கவனம் வேண்டும் என்றே சொல்கிறேன்.

முகாம்களில் கிடைத்த உலருணவு அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய். அந்நாளில் அது உயிரைக் காத்தது, அதற்கு நன்றியுடையோம். ஆனால் காணிக்குத் திரும்பிய பின்பும் பல வீடுகளில் அந்த நிவாரணச் சமையலே நிலைத்துவிட்டது. காலையில் பாண், இரவில் கோதுமை மா ரொட்டி, இடையிடையே சீனித் தேநீரும் பிஸ்கற்றும். முன்னர் நம் அடுப்பில் இருந்த குரக்கன், பயறு, கீரை, கூழ் எல்லாம் பின்தள்ளப்பட்டன. இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்பாத குடும்பங்களுக்கு வீட்டுத்தோட்டத்துக்கும் இடமில்லை. ஆகவே இந்த நோயைத் தனியொருவரின் வாய்ருசிக் குற்றமாகப் பார்ப்பது அநீதி.

3. கவனியாது விட்டால்

ஈரலிற் கொழுப்புப் படிந்த பெரும்பாலோருக்கு எந்த நோவும் தெரியாது. சிலருக்குக் களைப்பும் வலது விலாவின் கீழ் ஒரு பாரமும் இருக்கலாம். சிலரிடத்தில் கொழுப்போடு வீக்கமும் சேர்ந்து, ஆண்டுகள் செல்லச்செல்ல ஈரல் தழும்பேறி இறுகிவிடும். அதிலிருந்து ஈரற் புற்றுநோயும் வரலாம். இதைவிட முக்கியமானது, இந்நோயாளிகளில் அதிகமானோரின் உயிரைப் பறிப்பது மாரடைப்பு முதலான இதய நோய்களே. சலரோகம் இந்நோயின் கூடப்பிறந்த சகோதரம். ஒன்று இருந்தால் மற்றதையும் தேடிப் பார்க்க வேண்டும்.

நல்ல செய்தியும் உண்டு. தழும்பேறி இறுகுவதற்கு முன் ஈரல் தன்னைத்தானே திருத்திக்கொள்ள வல்லது. உடல் எடையில் 5 வீதம் குறைந்தாலே ஈரற்கொழுப்புக் குறையத் தொடங்கும். 7 முதல் 10 வீதம் குறைந்தால் வீக்கமும் தணியும். 70 கிலோ எடையுள்ளவருக்கு இது முதலில் மூன்றரைக் கிலோ, பின்னர் 5 முதல் 7 கிலோ. மெலிந்தவர்களுக்கு இதிலும் குறைவான எடைக்குறைப்பே பயன் தரும். வீக்கமும் தழும்பும் உள்ளவர்களுக்கான முதலாவது மருந்து 2024இல் தான் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அத்தகைய மருந்துகளுக்கும் உணவும் உழைப்பும் துணை நிற்கவேண்டும்.

4. வீட்டிலே செய்யக்கூடியவை

இடுப்பை அளவுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை வெளிவிட்ட நிலையில் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் எல்லை. அளவு நாடா இல்லாவிட்டால், உங்கள் உயரத்துக்கு ஒரு கயிற்றை வெட்டி இரண்டாக மடித்து இடுப்பைச் சுற்றிப் பாருங்கள். முனைகள் சந்திக்காவிட்டால் வயிற்றிற் கொழுப்புக் கூடுதலாக உள்ளது.

சீனியைக் கணக்கிடுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து தேநீர், ஒவ்வொன்றுக்கும் மூன்று கரண்டி. ஆக 15 கரண்டி. ஒரு தேக்கரண்டி 4 கிராம் என்றால் 60 கிராம். மாதத்துக்கு 1800 கிராம், ஒரே ஆளுக்கு! நாளுக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு கரண்டிக்குள் நிற்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015இல் தந்த ஆலோசனை. சோடாவும் இனிப்புப் பானங்களும் இந்தக் கணக்கிற் சேரும். வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்து வாருங்கள், நாக்கு பழகிவிடும். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தாலும் அதுவும் இனிப்பே, அளவோடு கடியுங்கள்.

கோப்பையைப் பிரியுங்கள். பாதிக்குக் கீரையும் மரக்கறியும், காற்பங்கு சோறு, காற்பங்கு மீன் அல்லது பயறு, கடலை, பருப்பு. முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி ஆகியவற்றைக் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. குரக்கன் நல்லது, தவிடு நீக்காத அரிசியும் நல்லது. ஆனால் "குரக்கன்தானே" என்று மூன்று நீத்துப்பெட்டி பிட்டுச் சாப்பிட்டால் அதுவும் மாப்பொருளே. பழத்தைச் சாறாக்காமல் பழமாகவே உண்ணுங்கள்.

உடம்பை வேலை வாங்குங்கள். தசை வேலை செய்யும்போது இன்சுலினின் உதவி குறைவாக இருந்தாலும் குளுக்கோசை உள்ளே எடுத்துக்கொள்ளும். அடைபட்ட வாய்க்காலுக்கு அது இன்னொரு மடை. "நான் கமக்காரன், எனக்கேன் உடற்பயிற்சி?" என்று கேட்கலாம். உழுவதற்கு உழவு இயந்திரமும் வெட்டுவதற்கு அறுவடை இயந்திரமும் வந்துவிட்டன. கடைக்குப் போக மோட்டார் சைக்கிள். காலபோகத்துக்கும் சிறுபோகத்துக்கும் இடையிலே பல நாட்கள் இருந்த இடத்திலேயே கழிகின்றன. வாரத்தில் ஐந்து நாட்கள் அரைமணி நேரமாவது வேர்க்க நடவுங்கள், அல்லது சைக்கிள் மிதியுங்கள், அல்லது மண்வெட்டி பிடியுங்கள். எடை குறையாவிட்டாலும் ஈரற்கொழுப்புக் குறையும்.

பட்டினி கிடவாதீர்கள். திடீரென்று சாப்பாட்டை நிறுத்தினால் உடற்கொழுப்பு ஒரேயடியாக உடைந்து ஈரலுக்கு இன்னும் பாரமாகும். வாரத்துக்கு அரைக் கிலோ குறைவது போதும். நம் மக்கள் பட்டினியை அறிந்தவர்கள். அதை மருந்தென்று எவரும் நமக்குச் சொல்லத் தேவையில்லை.

மதுவை விடுங்கள். மதுவினால் இந்நோய் வராதவருக்கும், வந்த பின் குடிப்பது எரியும் வீட்டில் எண்ணெய் ஊற்றுவதாகும். கசிப்புக்கும் கள்ளுக்கும் விதிவிலக்கில்லை.

பரிசோதனைக்குப் போங்கள். 35 வயதைத் தாண்டியவர்களுக்கு அரச வைத்தியசாலைகளில் உள்ள ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் எடை, இடுப்பளவு, இரத்த அழுத்தம், இரத்தச் சீனி ஆகியவற்றை இலவசமாகப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் ஸ்கானுக்கு அனுப்புவார்கள். சலரோக மருந்து எடுப்பவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. ஈரலுக்கு நல்லது என்று எவரோ சொன்ன குளிசையையோ சூரணத்தையோ மருத்துவரைக் கேளாமல் எடுக்காதீர்கள். சில மருந்துகள் ஈரலையே தாக்கும். கண் மஞ்சளித்தல், வயிறு வீங்குதல், இரத்த வாந்தி, கறுப்பு மலம் இவற்றில் ஒன்றைக் கண்டால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

எங்கள் கமக்காரருக்கும் இவற்றையே ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். அடுத்த கூட்டத்தில் அவருடைய அனுமதியோடு இந்தப் பாடத்தைப் பேசினோம். முடிவில் அவருடைய மைத்துனரே எழுந்து, "அப்ப நாங்கள் கதைச்சது பிழை" என்றார். அதன்பின் அங்கிருந்த ஆண்களும் பெண்களும் கயிறு வெட்டித் தங்கள் இடுப்பை அளந்து பார்த்தார்கள். பலருக்கு முனைகள் சந்திக்கவில்லை.

கலந்துரையாடலுக்கு

1. நமது கிராமத்தில் ஒருவருக்கு ஈரல் வருத்தம் என்று கேள்விப்பட்டால் முதலில் என்ன பேசுகிறோம்? அது அவருடைய குடும்பத்தை எப்படிப் பாதிக்கிறது?

2. இடம்பெயர்வதற்கு முன் நம் வீட்டில் ஒரு நாட்சமையல் எப்படி இருந்தது? இன்று எப்படி? எதைத் திரும்பக் கொண்டுவரலாம், எதற்குக் காணியும் தண்ணீரும் தடையாக உள்ளன?

3. நமது வீட்டில் மாதத்துக்கு எத்தனை கிலோ சீனி வாங்குகிறோம்? ஆளுக்கு எவ்வளவு?

4. அடுத்த மூன்று மாதங்களுக்கு நமது குழு சேர்ந்து செய்யக்கூடிய ஒன்று என்ன? கூட்டங்களில் சீனி குறைந்த தேநீர், அவித்த பயறு, ஒன்றாக நடத்தல், முதியோரைப் பரிசோதனைக்குக் கூட்டிச் செல்லல் ஆகியவற்றில் ஒன்றைத் தெரிந்து தொடங்குங்கள். மூன்று மாத முடிவில் மீண்டும் கயிற்றை எடுத்து அளந்து பாருங்கள்.